கோப்பையும் கல்லாவும்

2025 ஐபிஎல் முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. 2008இல் பிறந்த அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது அதுவே முதல் முறை. எங்கள் ஆரணியில் தறிக்கூடங்களில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. பட்டுக்கடைகளுக்கும் நெசவுக் குடும்பங்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், தறியில் உட்காரும் இளைஞர்கள் என்னைப் பார்த்ததும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, இந்த வருஷம் ஓனருக்குப் பெரிய நட்டமா இருக்குமில்ல?”

இருக்காது என்றேன். அவர்கள் நம்பவில்லை. தோற்கிற அணி எப்படிச் சம்பாதிக்கும்? நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஆட்டத்தில் கிடைக்கும் வெற்றியும் பேரேட்டில் விழும் லாபமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடப்பவை அல்ல. நம் மண்ணில் கிரிக்கெட் அணிகள் நடந்துவந்த வழியைப் பார்த்தாலே அது விளங்கும். அணி என்பது லாபம் தரும் சரக்காக மாறியதே இங்கே அண்மையில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சேப்பாக்கத்தில் இருந்த மதராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியது. இந்தியர்களுக்கு அங்கே இடமில்லை. அதைப் பொறுக்காத புச்சி பாபு நாயுடு இந்தியர்களுக்காக மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மட்டையும் பந்தும் வாங்கி இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கினார். வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அது நடக்கும் முன்பே 1908இல் காலமானார். அவர் கிரிக்கெட்டுக்குச் செய்த செலவுக்கு எதிரே வரவு என்று எதுவும் எழுதப்பட்டிருக்காது. “நாங்களும் உங்களுக்குச் சமமாக ஆடுவோம்” என்று காட்டுவதுதான் அவருக்கு வரவு. தமிழ்நாட்டில் ஒரு கிரிக்கெட் அணியின் முதல் கணக்கு இப்படித்தான் தொடங்கியது: செலவு பணத்தில், வரவு மானத்தில்.

1930களில் மதராஸ் கிரிக்கெட் சங்கமும் அதன் லீகும் வந்தன. முதல் டிவிஷனில் வெல்பவருக்குப் பாளையம்பட்டி ராஜா பெயரில் கேடயம். சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன்தார்களும் செல்வர்களும் வகித்த இடத்துக்குக் கம்பெனிகள் வந்தன. பாரி, இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டேட் பாங்க் என்று நிறுவனங்கள் அணி வைத்தன. சன்மார் குழுமம் ஜாலி ரோவர்ஸைத் தாங்கியது. இந்தியா சிமெண்ட்ஸ் ஒன்றல்ல, பல கிளப்புகளை எடுத்து நடத்தியது. ஆட்டக்காரனுக்கு அங்கே வேலை கிடைத்தது, மாதச் சம்பளம் கிடைத்தது, லீக் ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் அலுவலகத்தில் அனுமதி கிடைத்தது. கர்நாடகத்துக்காரரான ராகுல் டிராவிட் சென்னை லீகில் ஆடியதும் இந்தியா சிமெண்ட்ஸில் பணியாற்றியதும் இந்த ஏற்பாட்டில்தான்.

கணக்கு எழுதுகிறவன் கண்ணால் அந்த லீகைப் பாருங்கள். நுழைவுச்சீட்டு விற்பனை கிடையாது. மரநிழலில் நின்று பார்ப்பவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள் அல்ல. ஒளிபரப்பு கிடையாது. அணியின் பெயரில் வந்ததெல்லாம் செலவுதான். ஆண்டு முழுக்க வென்றாலும் கேடயம் வருமே தவிர, கல்லாவில் ஒன்றும் விழாது. ஆனாலும் அந்த அணிகள் பல பத்தாண்டுகள் நின்றன. முதலாளிக்கு ஆட்டத்தின் மேல் இருந்த பிரியமும், பக்கத்துக் கம்பெனியை வெல்ல வேண்டும் என்ற வீம்பும்தான் அவற்றை நிறுத்தின. தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்ற பயமும் இருந்தது. 1987இல் எம்ஆர்எஃப் நிறுவனம் டென்னிஸ் லில்லியை அழைத்துவந்து சென்னையில் வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியதும் இதே மனப்பான்மையில்தான். ஜவகல் ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே பழகினார்கள். அந்தப் பயிற்சியின் பலனை இந்திய அணி எடுத்துக்கொண்டது.

2008 ஜனவரி 24ஆம் தேதி இந்தக் கணக்குமுறை மாறியது. மும்பையில் எட்டு நகரங்களின் பெயரை ஏலம் விட்டார்கள். மும்பை 11.19 கோடி டாலர், பெங்களூரு 11.16 கோடி, ஹைதராபாத் 10.7 கோடி, சென்னை 9.1 கோடி. எல்லாவற்றிலும் மலிவாகப் போனது ஜெய்ப்பூர், 6.7 கோடி டாலர். சென்னையை எடுத்தது லீகில் அத்தனை காலம் செலவு மட்டுமே செய்துவந்த அதே இந்தியா சிமெண்ட்ஸ். ஏலத்தொகையைப் பத்து ஆண்டுகளில் தவணையாகக் கட்ட வேண்டும்.

விலைக்கும் வெற்றிக்கும் தொடர்பில்லை என்பது முதல் ஆண்டே தெரிந்தது. எல்லாரிலும் குறைந்த விலைக்குப் போன ராஜஸ்தான், 2008 ஜூன் 1ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் சென்னையை வென்று கோப்பையை எடுத்தது. வெற்றிக்கும் ஆயுளுக்கும் கூடத் தொடர்பில்லை என்பதை ஹைதராபாத் காட்டியது. முதல் ஆண்டு கடைசி இடத்தில் இருந்த டெக்கான் சார்ஜர்ஸ், 2009இல் தென்னாப்பிரிக்காவில் கோப்பையை வென்றது. அடியிலிருந்து உச்சிக்கு ஒரே ஆண்டில் ஏறிய அணி. ஆனால் அதை நடத்திய பத்திரிகை நிறுவனம் கடனில் மூழ்க, 2012இல் அணியே இல்லாமல் போனது. அந்த நகரத்தை ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய் என்று சன் டிவி எடுத்தது. அடுத்த கோப்பை அங்கே 2016இல் வந்தது, வேறு பெயரில், வேறு முதலாளிக்கு.

2010இல் புனே 37 கோடி டாலருக்கும், கொச்சி 33 கோடி டாலருக்கு மேலும் போயின. முதல் ஏலத்தில் மும்பை போன விலையைப் போல் மூன்று மடங்கு. கொச்சி ஒரே ஒரு பருவம் ஆடியது. புனே மூன்று பருவங்களோடு விலகியது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: வாங்கும்போதே விலையில் தவறினால் பிறகு எத்தனை நன்றாக நடத்தினாலும் ஈடுகட்டுவது கடினம்.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? ஐபிஎல்லின் ஒளிபரப்பு உரிமையை ஒவ்வோர் அணியும் தனித்தனியாக விற்பதில்லை. கிரிக்கெட் வாரியம் மொத்தமாக விற்று, ஒரு பொதுத்தொகுப்பில் போட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அணிகளுக்குப் பிரிக்கிறது. அணிகளுக்கு வருவதில் பெரும்பகுதி சமமாகப் பிரியும். யார் எத்தனையாவது இடம் என்பதற்கு ஒதுக்கப்படுவது சிறு பகுதிதான். 2018 முதல் 2022 வரைக்கான உரிமை 16,347.5 கோடி ரூபாய்க்குப் போனது. 2023 முதல் 2027 வரைக்கானது 48,390 கோடி ரூபாய்க்கு. கோப்பை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் பரிசு 20 கோடி. அந்தப் பெருந்தொகைக்கு முன் இது எத்தனை சிறியது என்று பாருங்கள். செலவுப் பக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. ஆட்டக்காரர்களை எடுக்க ஒரு அணி இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. 2025 பருவத்துக்கு அது 120 கோடி. வரவும் ஏறத்தாழச் சமம், பெரிய செலவும் ஏறத்தாழச் சமம். கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழே இறக்கிவிட இன்னொரு டிவிஷன் கிடையாது. இந்த நிலையில் லாபம் ஆட்டக்காரன் மட்டையிலிருந்து புறப்படுவதில்லை. பங்கீட்டு விதியிலிருந்து புறப்படுகிறது.

சென்னை அணியின் ஆண்டுக் கணக்குகளை வரிசையாக வைத்தால் இது இன்னும் தெளிவாகும். 2020இல் போட்டி முழுக்க அமீரகத்தில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில் நடந்தது. சென்னை ஏழாம் இடம். அந்த நிதியாண்டில் லாபம் 40 கோடி ரூபாயை ஒட்டி. அடுத்த ஆண்டு 2021 அக்டோபரில் துபாயில் கொல்கத்தாவை வென்று நான்காவது கோப்பை. அந்த நிதியாண்டின் லாபம் 32 கோடியை ஒட்டி. அதற்கடுத்து 2022இல் ஒன்பதாம் இடம். லாபம் 52 கோடியை ஒட்டி. கோப்பை வந்த ஆண்டில் லாபம் குறைவு, ஒன்பதாம் இடம் வந்த ஆண்டில் லாபம் அதிகம். 2023இல் மீண்டும் கோப்பை வந்தது, லாபம் 200 கோடியைத் தாண்டியது. கோப்பைதான் காரணம் என்று தோன்றும். உண்மையில் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. அந்த ஒப்பந்தத்தின் பங்கு கோப்பையைத் தொடாத ஒன்பது அணிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊரில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் கஷ்டம் இருக்காது. ஆரணி, ஒண்ணுபுரம், முனுகப்பட்டு, தேவிகாபுரம் என்று இந்த வட்டாரத்தில் சுத்தமாக நெய்கிறவர்கள் என்று பெயர் எடுத்த குடும்பங்கள் உண்டு. கரை பிசகாது, முந்தியில் ஓர் இழை தப்பாது. அரசு விருது வாங்கினவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டுக் கணக்கும் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக் கணக்கும் ஆண்டு முடிவில் பெரிதாக வேறுபடுவதில்லை. கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று முன்பே முடிவாகிவிட்டது. பட்டு விலை ஏறினாலும் ஜரிகை விலை இறங்கினாலும் அதன் ஏற்ற இறக்கம் வேறிடத்தில் நடக்கிறது. கைத்திறமை சேலையில் இருக்கிறது, லாபம் விலையை நிர்ணயிக்கும் இடத்தில் இருக்கிறது. கணக்கு எழுதும் காலமெல்லாம் நான் பார்த்துவந்தது இது. அதனால்தான் அந்தப் பிள்ளைகளின் கேள்விக்கு என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

பொதுத்தொகுப்பு இல்லாத இடத்தில் வெற்றி எத்தனை ஆதரவற்றது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கால்பந்தின் ஐ-லீகில் கோவை நேரு மைதானத்தைச் சொந்த மண்ணாக வைத்து ஆடியது சென்னை சிட்டி எஃப்சி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சி, பெட்ரோ மான்சியின் கோல்கள். 2019 மார்ச் 9ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, பட்டத்தை எடுத்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஆசிய அளவிலான போட்டிக்குப் போனது. இதையெல்லாம் கேட்டால் அணி நிலைத்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஆனால் 2021-22 ஐ-லீகில் அந்த அணியே இல்லை. நாட்டின் முதல் தேசியக் கால்பந்து லீகை வென்ற பஞ்சாபின் ஜேசிடி 2011இலும், 2005-06இல் வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010இலும் மூடப்பட்டன. இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சியும் 2025 ஆகஸ்டில், அடுத்த பருவம் நடக்குமா என்றே தெரியாத நிலையில், தன் நடவடிக்கைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. வென்றார்கள். ஆனால் அந்த வெற்றியைச் சோறாக மாற்றும் ஏற்பாடு அவர்கள் விளையாட்டில் இல்லை.

கடல் கடந்தாலும் பொதுத்தொகுப்பின் கதை இதுவே. அமெரிக்கக் கால்பந்து லீகில் 1961 முதல் தேசியத் தொலைக்காட்சிப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. டல்லஸ் கவ்பாய்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1996 ஜனவரியில். இன்றைக்கும் உலகின் மிக விலையுயர்ந்த அணி என்று ஃபோர்ப்ஸ் அதைத்தான் ஆண்டுதோறும் வரிசையின் தலையில் வைக்கிறது. அதே லீகில் கிரீன் பே பேக்கர்ஸ் என்று இன்னோர் அணி. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் சிறிய ஊர், அவ்வளவே. 1923 முதல் அணி ஊர்மக்களுக்கே சொந்தம். பங்குதாரருக்கு லாபப்பங்கு கிடையாது. ஆனாலும் பெருநகரங்களுக்கு ஈடாக நிற்கிறது, கோப்பைகளும் வென்றிருக்கிறது. சின்ன ஊர் பிழைப்பதும் பெரிய முதலாளி கொழிப்பதும் ஒரே பங்கீட்டு விதியால்தான். பங்கீடு தன்னளவில் தீங்கில்லை. அந்த விதியில் வந்த பணம் பிறகு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

அப்படியானால் வெற்றிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அது வேறு ஏட்டில் எழுதப்படுகிறது. 2016, 2017 இரண்டு ஆண்டுகள் சென்னை அணி தடைசெய்யப்பட்டு ஆடாமல் இருந்தது. மஞ்சள் சட்டை ஆட்டத்தில் இல்லாத இரண்டு கோடைகள். 2018இல் திரும்பி வந்ததும் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேக்கு மாறின. அணி ஒரு தனி ரயிலை அமர்த்தி ரசிகர்களைப் புனேக்கு அழைத்துப் போனது. விசில் போடு எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயர். இரண்டு ஆண்டு காணாமல் போன ஓர் அணிக்காக மாநிலம் தாண்டி ரயிலேறிப் போகும் மக்களை எந்த விளம்பரத்தாலும் உண்டாக்க முடியாது. 2010, 2011 கோப்பைகளும், வெல்லாமல் போன இறுதி ஆட்டங்களும் சேர்த்து வளர்த்த பற்று அது. அந்த ஆண்டே மே 27ஆம் தேதி வான்கடேயில் மூன்றாவது கோப்பையும் வந்தது. கோப்பையே இல்லாத பதினேழு பருவங்களில் பெங்களூரு மைதானம் நிறைந்ததும் பற்றால்தான். தோல்வியிலும் விட்டுப்போகாத அந்தப் பற்றுதான் ஒளிபரப்பு உரிமைக்கு விலையாகிறது. வாரியம் 48,390 கோடிக்கு விற்றது ஆட்டத்தை மட்டுமல்ல, நம் மாலை நேரங்களையும்தான்.

2015இல் சென்னை அணியைச் சிமெண்ட் கம்பெனியிலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கி, இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கே அதன் பங்குகளையும் கொடுத்தார்கள். 1946இல் தொடங்கப்பட்டு, தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் வளர்ந்த அந்தச் சிமெண்ட் நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. இந்தியா சிமெண்ட்ஸ் விளம்பரத்துக்காக வாங்கிய அணி இன்னும் அதன் பழைய முதலாளிக் குடும்பத்திடமே இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் அதில் 6 விழுக்காட்டுப் பங்கு உண்டு. சிமெண்ட் ஆலை போய், அதன் பெயரைச் சொல்ல வந்த அணி நிலைத்தது. லீக் காலத்தில் முதலாளி அணியைத் தாங்கினார். இன்று அணி முதலாளியைத் தாங்குகிறது. நூறாண்டுக் கணக்கில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அணியை அளக்க இரண்டு ஏடுகள் போதாது என்கிறேன். கோப்பை ஓர் ஏடு, லாபம் ஓர் ஏடு. மூன்றாவது ஏடு ஒன்று இருக்கிறது: இந்த அணியால் யார் கரையேறினார்கள், எந்த ஊர் என்ன பெற்றது. பழைய கம்பெனி லீக் லாபம் பார்க்கவில்லை, ஆனால் அந்த மூன்றாவது ஏட்டைப் பக்கம் பக்கமாக நிரப்பியது. ஒரு மத்தியதரக் குடும்பத்துப் பிள்ளை கிரிக்கெட் ஆடிக்கொண்டே சம்பளம் வாங்கி வீட்டைக் காப்பாற்ற முடிந்தது. எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு அது எட்டவில்லை என்பதும் உண்மை. கம்பெனி அணிகள் இருந்தது சென்னையில்.

எட்டவைத்த ஒருவரின் வரலாறு நெசவூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனின் தந்தை விசைத்தறித் தொழிலாளி, தாய் சாலையோரக் கடை நடத்தியவர். டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தவர், சென்னை லீகுக்கு வந்து, 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் கண்ணில் பட்டார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே, ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில், மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிறகு அவர் செய்ததுதான் என் மூன்றாவது ஏட்டில் முதல் பதிவு: சம்பாதித்ததைக் கொண்டு சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. பொதுத்தொகுப்பின் பெருவெள்ளத்தில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீரை ஒரு தொழிலாளியின் மகன் தன் ஊருக்குத் திருப்பினார்.

ஒரு தனிமனிதர் செய்ய முடிந்ததை லீகே செய்யலாம். தோற்றாலும் லாபம் உறுதி என்று அணிகளுக்கு ஒரு விதி எழுத முடிந்ததென்றால், அந்தத் தொகுப்பில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட மைதானங்களுக்குப் போக வேண்டும் என்றும் ஒரு விதி எழுத முடியும். அமெரிக்காவின் அந்தச் சிற்றூரைப் பிழைக்கவைத்ததும் விதிதான், யாருடைய தயவும் அல்ல. தறி ஓடாத அமாவாசை நாளில் அறுவடை முடிந்த வயலில் பிட்ச் போட்டு ஆடும் பிள்ளைகள் ஆரணியைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒளிபரப்பு விலையில் அவர்கள் கண்பார்வையும் சேர்ந்திருக்கிறது. நான் எழுதும் எந்தக் கணக்கிலும் முதல் போட்டவருக்குப் பங்கு உண்டு. இந்தப் பிள்ளைகள் போட்ட முதலுக்குப் பங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது, கணக்குக் கேட்பதுதான்.